மீதி பூஜ்யம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலைக் கூட்டம் வடிந்து, அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அப்பா. வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆளே இல்லை அவர். கடைசியாக அப்படிக் கூப்பிட்டது பதினைந்து மாதத்துக்கு முன்னால், அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, சீக்கிரம் வா என்று சொல்ல. மற்றக் கையுறையைக் கழற்றாமலேயே எடுத்தாள்.

"அம்மாடி, அது பகா எண்தானாம்!"

"எதுப்பா?"

"நம்ம நம்பரும்மா! இல்லேன்னு எழுதி அனுப்பினோமே, அது! வேற ஒருத்தர் மறுபடி போட்டுப் பாத்திருக்கார். மீதி பூஜ்யம். சுத்தமா பூஜ்யம்!"

எழுபது வயது மனிதரின் குரல் பத்து வயதுப் பையனுடையதைப் போல உடைந்தது. அம்மா போன பிறகு அந்தக் குரலில் இவ்வளவு உயிர் இருந்து அவள் கேட்டதில்லை. "சாயங்காலம் வந்து பாக்கறேம்ப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தாள். தன் முகத்தில் சிரிப்பு வந்திருந்ததை எதிரே இருந்த சீனியர் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

அப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். தெருவில் அவருக்கு 'நம்பர் சார்' என்று பெயர். தொலைபேசி எண்களை மனப்பாடமாகச் சொல்வதால் வந்த பெயர் அது. ஓய்வு பெற்ற பிறகு வேறு விதத்தில் ஒட்டிக்கொண்டது. உலகம் முழுக்கப் பல ஆயிரம் பேர் வீட்டுக் கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் பெரிய பெரிய பகா எண்களைத் தேடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான தடவை பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழித்தால் வரும் எண் எதனாலும் வகுபடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு எண் ஒதுக்குவார்கள். அவருக்கு வந்தது இரண்டே கால் கோடி இலக்கம் கொண்ட எண். அச்சடித்தால் வீட்டில் நாம் படுக்க இடம் இருக்காது என்பார்.

அதை எப்படிச் சோதிப்பது என்று ஒரு நாள் அம்மாவுக்கு விளக்கினார். அம்மா தையல் மெஷினை ஓரங்கட்டி, ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு கட்டிலோடு ஆகியிருந்த சமயம். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டுக்கொண்டே போகும் நோய். தையல்காரம்மாவாக இருந்தவள், கை சும்மா இருக்காது. துணியில் அளவு குறிக்கும் பழைய சாக்குக்கட்டியை எடுத்துத் தலையணை உறை மேலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

"சின்னதா முப்பத்தொண்ண எடுத்துக்க. அஞ்சு ரெண்டைப் பெருக்கி ஒண்ணு கழிச்சா முப்பத்தொண்ணு. இப்ப நாலுல ஆரம்பி. நாலை நாலாலயே பெருக்கு, ரெண்டைக் கழி."

"பதினாலு."

"அதை அதாலயே பெருக்கி ரெண்டைக் கழி."

அம்மா உதட்டை அசைத்தாள். "நூத்தித் தொண்ணூத்தி நாலு."

"முப்பத்தொண்ணால வகுத்து மீதியை மட்டும் வெச்சுக்க."

"எட்டு."

"மறுபடி."

"அறுபத்து நாலுல ரெண்டு போனா அறுபத்திரண்டு. முப்பத்தொண்ணால... அட, மீதியே இல்லை!"

"அவ்வளவுதான். கடைசிச் சுத்துல மீதி பூஜ்யம் வந்தா பகா எண். வரலேன்னா இல்லை. இதுக்கு மூணு சுத்து. நம்ம நம்பருக்கு ஏழரைக் கோடிச் சுத்து."

"நடுவுல ஒரு இடத்துல தப்பாப் பெருக்கிட்டா?"

"அங்கேருந்து எல்லாமே தப்பு. தப்புன்னும் தெரியாது. ஏதோ ஒரு மீதி வந்து நிக்கும். பகா எண் இல்லைன்னு நினைச்சுட்டுப் போயிடுவோம். எது அதை வகுக்கும்னு இந்தக் கணக்கு சொல்லவே சொல்லாது. ஏதோ ஒண்ணு வகுக்கும்னு மட்டும் சொல்லும்."

"உங்க அக்கா மாதிரி. யாரோ ஏதோ சொன்னாங்கம்பாங்க, யாருன்னு சொல்லவே மாட்டாங்க" என்றாள் அம்மா. சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அந்தத் தலையணை உறையை அப்பா நாலு நாள் துவைக்கப் போடவிடவில்லை.

அது பழைய கம்ப்யூட்டர். ஒரு சுற்றுக்கு அரை விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ராவும் பகலும் பதினாறு மாதம் ஓடியது. முன்னறையில் மேஜைக்கு அடியில் விசிறிச் சத்தத்தோடு அது. உள்ளறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் உஸ் உஸ்ஸென்று அம்மாவின் ஆக்ஸிஜன் மெஷின். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். வீட்டுக்கு வருகிறவர்கள், மில்லுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறதே என்பார்கள்.

ஓட்டம் பாதியை நெருங்கிக்கொண்டிருந்தபோது அம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகும் கம்ப்யூட்டர் ஒன்பது மாதம் ஓடி முடித்தது. மீதி பூஜ்யமாக வரவில்லை; எண்ணும் எழுத்துமாகப் பதினாறு குறிகளில் ஏதோ ஒன்று வந்து நின்றது. அப்பா ஒரு பெருமூச்சு விட்டு முடிவை அனுப்பிவைத்தார். "லட்சத்துல ஒண்ணுதான் தேறும். நமக்குக் கிடைக்கலேன்னா கிடைக்கல" என்றார். ஆறு மாதம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"படி, படி. எனக்கு எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது."

கண்ணில் புரை. வந்திருந்த மெயிலைப் பெரிய எழுத்தாக வைத்து முதல் பத்தியை மட்டும் படித்திருக்கிறார். அவள் முழுசாகப் படித்தாள். எழுதியிருந்தவர் அந்தக் குழுவில் சரிபார்ப்பு வேலை செய்கிற பெண்மணி. ஒவ்வொரு எண்ணையும் வேறொருவரிடம் கொடுத்து இரண்டாவது முறை சோதிப்பது வழக்கம். அப்படிச் சோதித்தவர் வேறு நாட்டில் ஒரு பல் மருத்துவர். அவருக்கு மீதி பூஜ்யம் வந்திருக்கிறது. மூன்றாவதாக நாங்களும் இரண்டு வேறு வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டோம், சந்தேகமே இல்லை, என்று எழுதியிருந்தார். முதலில் சோதித்தவர் நீங்கள். உங்கள் கணக்கு எங்கேயோ பிசகியிருக்கிறது. எங்கே என்று தெரிந்தால் மற்றவர்களுக்கு உதவும். பதிவுக் கோப்பை அனுப்ப முடியுமா?

"கண்டுபிடிச்சவர்னு அந்தப் பல் டாக்டர் பேருதாம்ப்பா போடுவாங்க."

"போடட்டும். அது யார் பேர்ல இருந்தா என்ன? நாம இல்லேன்னு சொன்னப்பவும் அது பகா எண்தான். நான் பொறக்கறதுக்கு முன்னாடியும் அது பகா எண்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்கம்மா இருந்திருந்தா இன்னிக்கு என்னை ஓட்டு ஓட்டுன்னு ஓட்டியிருப்பா."

ஆயிரம் சுற்றுக்கு ஒரு வரி வீதம் அந்த நிரல் எழுதி வைத்த கோப்பு, எழுபத்தைந்தாயிரம் வரி. சுற்று எண், அப்போதைய மீதியின் கடைசிப் பதினாறு குறி, தேதி, நேரம். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள். அப்பாவும் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் அவருக்கு அது நினைவுக்கே வரவில்லை என்று அவள் பிற்பாடு புரிந்துகொண்டாள்.

ஆறாம் நாள் பதில் வந்தது. அப்போது அவள் பரிசோதனைக் கூடத்தில், ரத்த மாதிரிக் குழாய்களைச் சுழல் இயந்திரத்தில் அடுக்கி மூடியைப் போட்டுவிட்டு, அது நிற்பதற்காகக் காத்திருந்தாள். பத்து நிமிஷ ஓய்வு. போனை எடுத்துப் படித்தாள்.

ஓட்டத்தின் முதல் ஏழு மாதத்தில் எல்லா வரியும் எங்களுடையதோடு அச்சாக ஒத்துப்போகிறது. இந்தத் தேதியில், மதியம் ஒன்று முப்பத்திரண்டு வரை சரி. ஒன்று நாற்பத்தொன்றுக்கான வரி ஒத்துப்போகவில்லை. அதன் பிறகு எதுவுமே ஒத்துப்போகவில்லை. அந்த நேரத்தில் அங்கே ஏதாவது நடந்ததா?

தேதியைப் படித்ததும், அம்மா போன நாள் என்று முதலில் பட்டது. என்ன விசித்திரம் என்று நினைத்தாள். அன்றைக்கு எல்லாமே குலைந்துபோயிற்று, கணக்கும் குலைந்திருக்கிறது. அந்த எண்ணம் அவள் மனதில் ஒரு நிமிஷம்தான் நின்றது.

ஒன்று நாற்பத்தொன்றுக்குக் கரண்ட் இல்லை.

அந்த நாளின் நேரமெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பன்னிரண்டு பத்துக்குத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போனது. ஆக்ஸிஜன் மெஷின் இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடியது. ஒன்று ஐம்பத்திரண்டுக்கு பேட்டரி தீர்ந்தது. ஒன்று ஐம்பத்தைந்துக்கு அப்பா அவளைக் கூப்பிட்டார். அவசரத்துக்கு வைத்திருந்த குட்டி சிலிண்டர் இருபது நிமிஷம் தாங்கியது. ஆம்புலன்ஸ் வந்தது இரண்டு இருபத்தைந்துக்கு. மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்றே காலுக்குக் கரண்ட் வந்தது.

மூன்றரை மணி நேரம் தாங்கும் என்று சொல்லி வாங்கிய பேட்டரி எப்படி இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்தது? மறுவாரம் மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி குறைஞ்சிருக்குங்க" என்றான். மாதாமாதம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் பொறுப்பு. அந்த மாதம் பரிசோதனைக் கூடத்தில் ஆய்வுக்கு அதிகாரிகள் வந்த கெடுபிடியில் மறந்துவிட்டாள். அன்று அவள் வராந்தாத் தரையில் உட்கார்ந்து, மெக்கானிக் ஒருவன் நிற்கிறானே என்றுகூடப் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா பக்கத்தில் நின்று, "விடும்மா, விதி" என்றார். பதினைந்து மாதமாக அவள் பேட்டரி இருக்கும் மூலையைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அதே பேட்டரியில் இணைந்திருந்த கம்ப்யூட்டரைக் கரண்ட் போன உடனே நிறுத்திவிட்டதாகத்தான் அப்பா சொல்லியிருந்தார். அவள் கேட்காமலேயே சொன்னார்.

அனுப்பிய கோப்பைப் போனில் திறந்து, அந்தத் தேதிக்குப் போனாள். பன்னிரண்டு பத்தொன்பது. பன்னிரண்டு இருபத்தெட்டு. பன்னிரண்டு முப்பத்தேழு. ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு வரியாக, ஒரு அவசரமும் இல்லாமல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒன்று முப்பத்திரண்டு. ஒன்று நாற்பத்தொன்று. ஒன்று ஐம்பது. அடுத்த வரி மூன்று இருபத்தாறு.

சுழல் இயந்திரம் நின்று 'கீக் கீக்' என்றது. அவள் மூடியைத் திறக்கவில்லை.

முதலில் வந்தது கோபம் இல்லை. மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு பாரம் சட்டென்று இறங்கின மாதிரி இருந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று உள்ளே ஏதோ ஒன்று துள்ளியது. அம்மா செத்ததில் இப்படி ஒரு நிம்மதியா என்று அடுத்த கணமே கூசிப்போனாள். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. 

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றாள் சீனியர் அக்கா.

"வீட்டுக்குப் போகணும்க்கா. மிச்ச சாம்பிளைப் பாத்துக்கறீங்களா?"

வீட்டில் அப்பா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அதை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, அன்னிக்கு கம்ப்யூட்டர் ஓடிட்டு இருந்துச்சா?"

"என்னிக்கு?"

"என்னிக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் அவளைப் பார்த்தார்; பிறகு ரேடியோவைப் பார்த்தார்.  அவள் போனை நீட்டினாள். அவர் கண்ணுக்கு எழுத்து தெரியாது என்பது நினைவுக்கு வர, தானே ஒவ்வொரு நேரமாகப் படித்தாள். பன்னிரண்டு பத்தொன்பதில் ஆரம்பித்து ஒன்று ஐம்பது வரை, ஒன்றைக்கூட விடாமல்.

"போதும்மா" என்றார் நடுவில். அவள் நிறுத்தவில்லை.

படித்து முடித்த பிறகு அவர் சொன்னார்: "அரை மணியில கரண்ட் வந்துடும்னு நினைச்சேன். எப்பவும் அப்படித்தானே வரும்."

"நிறுத்தியிருந்தா என்ன போயிருக்கும்? அரை மணிக்கு ஒரு தடவை கணக்கைச் சேமிச்சு வெச்சுக்கும், எப்ப வேணா நிறுத்தலாம், விட்ட இடத்துலேருந்து ஓடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பழைய மெஷின். அதுக்கு முன்னாடி ஒரு தடவை நிறுத்தினதுக்குப் பதினோரு நாள் எழுந்திருக்கவே இல்லை. உனக்கே தெரியும், பார்ட்ஸ் தேடி அலைஞ்சேனே."

"அன்னிக்கு அதுவா எழுந்துச்சுப்பா. மூணு இருபத்தாறுக்கு. நாம ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுட்டு இருந்தோம்."

அவர் வேட்டி நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"ஒரு மணி ஆச்சு. வரலை. அப்பவாவது தோணலையா?"

"தோணுச்சு. எழுந்து போய் சுவிட்சு கிட்ட நின்னேன். இவ்வளவு நேரம் ஓடிடுச்சு, இன்னும் பத்து நிமிஷம்னு திரும்பி வந்தேன். ரெண்டு தடவை போனேன்." குரல் தேய்ந்தது. "பேட்டரி அப்படிப் பொசுக்குனு தீரும்னு நினைக்கலை."

"அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

வேட்டி நுனியை விட்டுவிட்டுச் சொன்னார். "'சத்தம் கேக்குதே, அது ஓடுதா?'ன்னா. ஓடுதுன்னேன். 'சரி'ன்னா."

அவளால் உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வீணாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் 'சரி' எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அளவு தவறாகச் சொல்லிவிட்டு வந்து சண்டை போடுகிறவர்களிடமும் அம்மா அதே 'சரி'யைத்தான் சொல்வாள். அதில் சம்மதமும் இருக்காது, மறுப்பும் இருக்காது.

திரும்பி வந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"மெக்கானிக் வந்து தண்ணி குறைஞ்சிருக்குன்னு சொன்னப்ப பக்கத்துலதான் நின்னீங்க."

"ஆமா."

"நான் எப்படி அழுதேன்னு பாத்தீங்க."

"பாத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"நாளைக்குச் சொல்லலாம்னு நினைச்சேன். மறுநாள் இன்னும் கஷ்டமாப் போச்சு. அதுக்கு மறுநாள் அதைவிட. அப்புறம் நீயே அதைப் பத்திப் பேசறதை நிறுத்திட்டே. மறந்துட்டேன்னு..."

"மறந்துட்டேன்னு நினைச்சீங்களா?"

"நினைக்கலை. நினைச்சுக்க ஆசைப்பட்டேன்."

அந்த ஒரு பதிலில்தான் அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. அதனால் மனம் ஒன்றும் இளகிவிடவில்லை.

அந்தப் பெண்மணிக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். மூன்றாம் நாள் காலையில் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார்.

"கரண்ட் கோளாறுன்னு போட்டுடும்மா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அந்த நேரத்தில் மின்வெட்டு, கம்ப்யூட்டர் வேறொரு கருவியோடு சேர்ந்து ஒரே பேட்டரியில் ஓடியது, பேட்டரி தீருகிற தறுவாயில் மின்னழுத்தம் இறங்கிக் கணக்கு பிசகியிருக்கலாம், பிசகிய நிலையே சேமிக்கப்பட்டு அங்கிருந்தே மறுபடி தொடங்கியிருக்கிறது என்று எழுதினாள். வேறொரு கருவி என்ற இடத்தில் விரல் நின்றது. எந்தக் கருவி என்று எழுதலாமா? ஊர் பேர் தெரியாத ஒரு மனுஷி. அவளுக்கு இது எதற்கு? அப்படியே விட்டு அனுப்பிவிட்டாள்.

மறுநாளே நன்றி வந்தது. இவ்வளவு தெளிவான விளக்கம் அரிதாகத்தான் கிடைக்கும், இனி புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை ஒரு எச்சரிக்கையாகச் சொல்லப்போகிறோம் என்று மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் நடுவில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தார்கள். அதை மாற்ற முடியாது. அவள் லீவு போட்டுக் கூட்டிப் போனாள், கூட்டி வந்தாள். ஒரு நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்து. அவர் நாற்காலியில் அண்ணாந்து உட்காருவார். அவள் இமையை விலக்கி ஒரு சொட்டு விட்டு, "மூடுங்க" என்பாள். அந்த ஒரு சொல்லோடு சரி. முகத்துக்கு அவ்வளவு அருகில் குனிந்து, மூச்சு படுகிற தூரத்தில் நின்றுகொண்டு ஒருவரை வெறுப்பது எவ்வளவு சிரமம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சிரமப்பட்டாள். சில வேளைகளில் முடிந்தது, சில வேளைகளில் முடியவில்லை.

கம்ப்யூட்டரை அவர் தொடவில்லை. அதன் மேல் ஒரு துண்டு கிடந்தது.

ஒன்றரை மாதம் கழித்து அறிவிப்பு வெளியானது. கண்டுபிடித்தவர் அந்தப் பல் மருத்துவர். கீழே பொடி எழுத்தில், இதே எண்ணை முன்பு சோதித்தவர் என்று அப்பாவின் பெயர். அதை யாரோ பார்த்து யாருக்கோ சொல்ல, எக்ஸ்சேஞ்ச் பழைய நண்பர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்ய ஆரம்பித்தார்கள். அப்பா போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரோடு இருபது வருஷம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த லைன்மேன் மாமா நேரிலேயே வந்துவிட்டார். கையில் பழப்பை.

"நம்பர் சார்! உலகமே உன் பேரைப் பேசுது, நீ இங்க கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கே! இருந்தா அந்தப் புண்ணியவதி எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா!"

அவள் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். உள்ளே போகத் திரும்பினாள்.

"நீயும் இரும்மா" என்றார் அப்பா.

நின்றாள்.

"என் கணக்குத் தப்பு" என்றார் அவர், நண்பரைப் பார்த்து. "ஏன் தப்பாச்சுன்னு கேளு."

"அதுக்கென்னப்பா, மெஷின்தானே..."

"கேளு."

லைன்மேன் மாமா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவளைப் பார்த்தார். அப்பா காத்திருக்கவில்லை. கரண்ட் போனது, இரண்டு மெஷினும் ஒரே பேட்டரியில் ஓடியது, சுவிட்சு வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பி வந்தது, சத்தம் கேக்குதே என்று அம்மா கேட்டது, எல்லாவற்றையும் சொன்னார். பேட்டரித் தண்ணீர் விஷயத்தையும் விடவில்லை. "இவ தலையில போட்டுட்டு, ஒண்ணே கால் வருஷம் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டேன்" என்றார். அழவில்லை. எக்ஸ்சேஞ்சில் பழுதான லைன்களின் பட்டியலை வாசிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லி முடித்தார்.

லைன்மேன் மாமா டீயைக் கீழே வைத்தார். ஏதோ ஆறுதலாகச் சொல்ல வந்து, "டாக்டர் என்ன சொன்னாரு? எப்படியும் ரொம்ப நாள்..." என்று இழுத்தார்.

"ஆறு மாசமோ எட்டு மாசமோன்னு சொன்னார். அந்த ஆறு மாசம் அவளோடது."

அதற்கு மேல் லைன்மேன் மாமா அங்கே உட்காரவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் தலையைத் தொட்டு, "பாத்துக்கம்மா" என்றார். யாரை என்று சொல்லவில்லை.

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். அப்பா அதே நாற்காலியில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் ஆன கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அது மருந்தாலா வேறெதனாலா என்று சொல்ல முடியாது.

"சொட்டு மருந்து நேரமாச்சு" என்றாள்.

அவர் அண்ணாந்தார்.

மருந்தை விட்டாள். மூடுங்க என்று சொல்வதற்கு முன்னால், "லேபுக்குப் பக்கத்துல ரூம் பாத்திருக்கேன்" என்றாள். "ஒண்ணாம் தேதி போறேன். சாப்பாட்டுக்கு ஆள் ஏற்பாடு பண்ணியிருக்கேன். கண்ணுக்கு அடுத்த செக்கப் இருபதாம் தேதி. அன்னிக்கு நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரி" என்றார் அப்பா.

ஒண்ணாம் தேதி காலையில் ஒரு பெட்டி, ஒரு பை, அம்மாவின் தையல் மெஷின் மூன்றையும் வண்டியில் ஏற்றினாள். தையல் மெஷின் கனம். வண்டிக்காரனால் தனியாகத் தூக்க முடியவில்லை. அப்பா படி இறங்கி வந்து ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் அவள் பிடித்தாள்.